ஆளை எண்ணுவதா, பாயை எண்ணுவதா? தெரியுமா இந்தக் கணக்கு!

கேமரன் மலைக்கு ஏறும் எல்லாரும் எதையாவது எண்ணுகிறோம். தாப்பாவிலிருந்து கார் ஏறும்போது வளைவுகளை எண்ணச் சொல்லிப் பிள்ளைகளின் வாந்தியை மறக்கடிப்போம். பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரி டப்பாவைத் தூக்கிப் பார்த்து, ‘மேலே பெரிசு, அடியிலே பொடிசு’ என்று பழத்தை எண்ணுவோம். சரி, ‘இன்று ராத்திரி படுக்கத் தனக்கென்று ஓர் இடம் இல்லாத இளையோர் இந்த மலையில் எத்தனை பேர்?’ என்று எண்ணக் கிளம்பினால்? தானா ராத்தா பேருந்து நிலையம், பிரிஞ்சாங் கடைவரிசை, ரிங்லெட் கடைத்தெரு என்று நடுநிசியில் டார்ச் அடித்துச் சுற்றினாலும் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

அந்த வெறுங்கையை நம்பலாமா? கூடவே கூடாது! ஏன் என்று கேட்கிறீர்களா? வீடற்ற இளையோரை எண்ண உலகம் செய்திருக்கும் தந்திரங்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

1. குளிரும் ஒரு கணக்குப்பிள்ளை, தெரியுமா?

மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். பதிவானது எங்கே? இதே கேமரன் மலையில், 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி! சாதாரண ராத்திரிகளிலேயே 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும் ஊர். கோலாலம்பூர் கடைகளின் அஞ்சடி நடைபாதையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுப்பதுபோல இங்கே படுத்தால் விடியும்போது எலும்பு நடுங்கும். அதனால் போக்கிடமில்லாத பையன் தெருவில் நிற்கமாட்டான். சித்தப்பா வீட்டுக் கூடத்திலோ, கூட்டாளியின் அறையிலோ, வேலை செய்யும் காய்கறிக் கொட்டகையிலோ புகுந்துகொள்வான்.

அமெரிக்கா வீடற்றோரை எண்ணும் ராத்திரி எது தெரியுமா? ஜனவரியின் கடைசிப் பத்து நாட்களில் ஒன்று. வேண்டுமென்றேதான்! கடுங்குளிரில் காப்பகத்துக்கு வந்துவிடுவார்கள், ஒரே இடத்தில் எண்ணிவிடலாம் என்ற எண்ணம். பெரியவர்கள் வருவார்கள், சரி. இளசுகள் கூட்டாளி வீட்டு சோபாவுக்கல்லவா போகிறார்கள்!

2. தோட்டத்தில் பொழுது விடிவதே எண்ணிக்கையோடுதான்!

1929-இல் ஜே. ஏ. ரஸல் இந்த மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்த ஏ. பி. மில்ன், சிலோன் தேயிலையில் கைதேர்ந்தவர். சரிவில் காட்டை வெட்டி, செடி வைத்து, கொழுந்து எடுத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

தோட்டத்துக்காரர்களைக் கேளுங்கள், ‘பெரட்டு’ என்றால் கண் மின்னும். ‘பரேட்’ என்ற வெள்ளைக்காரன் சொல் நம் நாக்கில் தேய்ந்து பெரட்டு ஆகிவிட்டது. கருக்கலில், பனிமூட்டத்துக்குள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிடுவார்கள். குரல் கொடுத்தால் செக்ரோல் என்ற வருகை ஏட்டில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்குத்தான் சம்பளம். அதைவிட முக்கியம், அந்தக் கோட்டுக்குத்தான் லயத்து வீடு!

தொழிலாளி வீட்டுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று சொல்ல 1990-இல் தனிச் சட்டமே வந்தது. சட்ட எண் 446. நல்லதுதான். ஆனால் தோட்டத்து வீடு வேலைக்கு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பாவின் பேர் செக்ரோலில் இருக்கும்வரை பத்தொன்பது வயது மகனுக்கும் கூரை உண்டு. அப்பாவுக்கு வயதாகிப் பேர் வெட்டப்பட்ட மறுமாதம் அவர் மூத்த மகள் வீட்டுக்கு ஈப்போவுக்குப் போய்விடுகிறார். மகன்? அவன் பேர் செக்ரோலில் எப்போதுமே இருந்ததில்லை. இல்லாத பேரை யார் வெட்டுவது, யார் தேடுவது? எந்த ஏட்டிலும் ஒரு கோடுகூட மாறாமல் ஒருவன் வீட்டை இழந்துவிட்டான்!

3. ஒரே ஆள் காணாமல் போனதற்கு மலையே திரண்ட கதை தெரியுமா?

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுத்துணிக்கு உலகப் புகழ் தேடித்தந்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தா அருகே ‘மூன்லைட்’ பங்களாவிலிருந்து மத்தியானம் வெளியே நடந்தார். திரும்பவே இல்லை! போலீஸ், ராணுவம், காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்த ஒராங் அஸ்லி மக்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டு தாண்டியும் புத்தகம் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் தேடினார்கள்? இரவுச் சாப்பாட்டு மேசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது; அது காலியானது கண்ணில் பட்டது. தனக்கென்று நாற்காலியே இல்லாதவன் போனால் காலியாவதற்கு எதுவும் இல்லை!

4. ‘இளைஞர்’ என்றால் எத்தனை வயது? ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விடை!

ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு 15 முதல் 24. இந்தியாவின் 2014 தேசிய இளைஞர் கொள்கைக்கு 15 முதல் 29. மலேசியச் சட்டத்தில் 40 வயதுக்காரரும் இளைஞராகவே இருந்தார். 2019-இல் செய்த திருத்தம்தான் 30-க்கு இறக்கியது. ஒரு திருத்தத்தில் 35 வயது அண்ணன்மார் எல்லாம் ‘பெரியவர்’ ஆகிவிட்டார்கள்! எண்ணத் தொடங்குமுன்பே எண்ணிக்கை பாதியாகவோ இரண்டு மடங்காகவோ ஆகலாம் என்பது இதனால்தான்.

5. எண்ண வருபவரைக் கண்டால் ஓடுவது ஏன் தெரியுமா?

மலேசியாவில் 1977-இன் ஆதரவற்றோர் சட்டப்படி, தங்குமிடமோ பிழைப்புக்கு வழியோ இல்லாமல் பொது இடத்தில் திரிபவரைப் பிடித்து நல்வாழ்வு இல்லத்தில் வைக்கலாம், மூன்று ஆண்டுவரை கூட! உதவிக்கென்றே எழுதிய சட்டம். ஆனால் கையில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் வந்து, ‘தம்பி, ராத்திரி எங்கே படுக்கிறே?’ என்றால் பையன் என்ன சொல்வான்? ‘மாமா வீட்டுலதாங்க அண்ணே!’ கேட்டவர் நிம்மதியாக அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். எந்த மாமா என்று கேட்டிருந்தால் கதை வேறு.

6. வீடற்றவராக வேஷம் போட்டு உட்காரும் ‘ஒற்றர்கள்’!

இது சினிமாவில்கூட வராது. நியூயார்க் மாநகரம் ஆண்டுக்கு ஒரு ராத்திரி ஆயிரக்கணக்கான தொண்டர்களை அனுப்பித் தெருவில் படுப்பவர்களை எண்ணுகிறது. ‘நீங்கள் எண்ணுவது சரிதானா?’ என்று சோதிக்க 2005-இல் ஆய்வாளர் கிம் ஹாப்பர் குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, வீடற்றவர்போல அங்கங்கே உட்காரவைத்தார்கள். எண்ணும் படைக்கு இவர்கள் யார் என்று தெரியாது. விடிந்ததும் கேட்டால் ஏறக்குறைய பத்துக்கு மூன்று இடங்களில், ‘எங்களிடம் யாருமே வரவில்லை’ என்றார்கள்! கண்ணில் படுவதற்கென்றே உட்கார்ந்தவர்களுக்கே இந்தக் கதி. ஒளிந்துகொள்ள நினைப்பவரின் கதி?

ஆனால் அந்தத் தவறுதான் வரம்! எத்தனை ஒற்றர்கள் தப்பினார்கள் என்பதை வைத்து, நிஜமாகவே எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்று கணக்கைத் திருத்திவிடலாம்.

7. மீன் எண்ணத் தெரிந்தால் மனிதரையும் எண்ணலாம், தெரியுமா?

ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் எத்தனை மீன்? தண்ணீரை இறைத்துவிட்டா எண்ணுவது? வேண்டாம். வலை வீசி 50 மீன் பிடியுங்கள். செதிலில் ஒரு அடையாளம் வைத்து விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து மறுபடி வீசுங்கள். 40 மீன் சிக்கி, அதில் 8 மீனில் உங்கள் அடையாளம் இருக்கிறதா? ஐந்துக்கு ஒன்று. அப்படியானால் முதலில் அடையாளமிட்ட 50-ம் மொத்தத்தில் ஐந்திலொரு பங்கு. மொத்தம் சுமார் 250!

டென்மார்க்கின் பீட்டர்சன் 1896-இல் தட்டைமீனுக்குச் செய்த தந்திரம் இது. அமெரிக்காவின் லிங்கன் 1930-இல் காட்டு வாத்துக்குச் செய்தார். இவர்களுக்கெல்லாம் முன்னே 1802-இல் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ், பிறப்புப் பதிவேடுகளையும் சில ஊர்களின் தலைக்கணக்கையும் மட்டும் வைத்து முழு பிரான்ஸின் மக்கள்தொகையையும் இதே தர்க்கத்தில் மதிப்பிட்டுவிட்டார்!

மனிதருக்கு வலை எது? பட்டியல்தான்! ஒரு கற்பனைக் கணக்கு: காற்பந்துக் குழுவின் ஏட்டில் நிலையான வீடில்லாத 60 பேர். கிளினிக் ஏட்டில் 45 பேர். இரண்டிலும் வரும் பெயர் 9. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிபவர்கள் 96 பேர்தான். மீன் கணக்குப் போட்டால் 300! அதாவது இருநூறு பேருக்குமேல் எந்த ஏட்டிலும் இல்லை. ஒரு எச்சரிக்கை: ஒரு பட்டியலில் இருப்பவரே மற்றதற்கும் அனுப்பப்பட்டிருந்தால் கணக்கு பிசகும். காற்பந்துப் பயிற்சியாளரே பையன்களை கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தால், அது இரண்டாவது வலையல்ல, முதல் வலைதான்.

8. தலைக்குமேல் கூரை இருந்தும் வீடற்றவர்! ஆஸ்திரேலியாவின் அதிர்ச்சி

ஆஸ்திரேலியாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோர் 1,22,494 பேர். தெருவிலும் கூடாரத்திலும் படுத்தவர்கள் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? பாதி? கால்வாசி? வெறும் 7,636! நூற்றுக்கு ஆறு பேர்! மற்றவர்கள் காப்பகத்தில், விடுதியில், தெரிந்தவர் வீட்டில் தற்காலிகமாக, இல்லையென்றால் மூச்சுமுட்டும் நெரிசல் வீட்டில். இன்னும் நாலு படுக்கையறையாவது இருந்தால்தான் இத்தனை பேர் இருக்க முடியும் என்கிற வீட்டில் வசிப்பவரையும் அங்கே வீடற்றவர் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். மொத்தத்தில் 12 முதல் 24 வயதுக்காரர்கள் ஏறக்குறைய கால்வாசி.

நம் லயத்து வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் அங்கே பிளாஸ்டிக் நாற்காலி நாலு, சாமி படம், டிவி. ராத்திரி பத்து மணிக்கு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சுவரோரம் சாய்ந்திருக்கும் பாய்கள் விரியும். ஒன்று பாட்டிக்கு. இரண்டு பேரன்களுக்கு. வாசலோரம் நாலாவதாக விரியும் பாய் யாருடையது? ‘அவனா? நம்ம தங்கச்சி மவன். ரெண்டு நாளைக்குன்னு வந்தான்.’ எத்தனை மாதமாச்சு? ‘தீவாளிக்கு முன்னாடி!’ விடிந்ததும் பாய் சுருண்டுவிடும், அவனும் கிளம்பிவிடுவான். பகலில் வரும் கணக்காளர் ஆளை எண்ணுகிறார். பாயை யார் எண்ணுவது?

9. சிமென்ட் குழாயும் ஒரு முகவரி!

இந்தியக் கணக்கெடுப்பு, ‘கணக்கெடுப்பு வீடு’ எதிலும் வசிக்காதவரை வீடற்றவர் என்கிறது. நடைபாதை, மேம்பாலத்தடி, மாடிப்படியடி, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம், ஏன், சாலையோரம் போட்டுவைத்த பெரிய சிமென்ட் குழாய்வரை பட்டியலே உண்டு! 2011 பிப்ரவரி 28, ஒரே ராத்திரியில் நாடு முழுவதும் எண்ணினார்கள். கிடைத்தது 17.73 லட்சம் பேர். 2001-இல் 19.43 லட்சம். குழாய்க்குள் எட்டிப் பார்த்த அந்தக் கணக்காளர்களுக்கு ஒரு கும்பிடு! ஆனாலும் சித்தி வீட்டு வாசலோரப் பாய் இதிலும் வராது. அது ‘வீடு’ ஆயிற்றே!

10. கேள்வியை மாற்றினார்கள், விடை வெடித்தது!

2023 ஜனவரியில் ஒரே ராத்திரி எண்ணியபோது, துணையின்றி இருந்த 25 வயதுக்குட்பட்ட வீடற்றவர்கள் அமெரிக்காவில் சுமார் 34,700 பேர். இதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வகம் தெருவில் டார்ச் அடிக்கவில்லை. 26,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொலைபேசி போட்டது. ‘இன்று ராத்திரி எங்கே?’ என்று கேட்கவில்லை. ‘கடந்த பன்னிரண்டு மாதங்களில் எப்போதாவது?’ என்று கேட்டது. 2017-இல் வந்த விடை: 18 முதல் 25 வயதில் பத்தில் ஒருவர்! 13 முதல் 17 வயதில் முப்பதில் ஒருவர்! மொத்தம் 42 லட்சம்!

ஆயிரங்களில் இருந்தது லட்சங்களில் போய் நின்றது எப்படி? முதல் கணக்கு புகைப்படம், இரண்டாவது ஒரு வருடப் படச்சுருள். பெரியவர்களில் பலர் ஒரே இடத்தில் நெடுநாள் கிடப்பார்கள். இளையோர் ஒரு வாரம் வெளியே, ஒரு மாதம் உள்ளே என்று மிதப்பவர்கள். ஒரு ராத்திரிப் படத்தில் எத்தனை பேர்தான் விழுவார்கள்? 18 முதல் 25 வயதினரில் ஏறக்குறைய பாதிப் பேர் அடுத்தவர் வீட்டில் ஒண்டியவர்கள் மட்டுமே. தெருவுக்கே வராதவர்கள்!

இன்னொன்று தெரியுமா? இந்த வயதினரில் நகரத்தில் நூற்றுக்கு 9.6, நாட்டுப்புறத்தில் 9.2. கிட்டத்தட்ட சமம்! ‘இதெல்லாம் கோலாலம்பூர்ப் பிரச்சினை, மலையில் ஏது?’ என்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

11. வாத்தியார் போட்ட கணக்கு, கூட்டாளி கொடுத்த சீட்டு!

1994-இல் ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் கிறிஸ் சேம்பர்லென், டேவிட் மெக்கென்ஸி இருவரும் யாரிடம் கேட்டார்கள் தெரியுமா? பள்ளிக்கூடங்களிடம்! ஒரே வாரத்தில் எண்ணிப் பார்த்தால் சுமார் 11,000 மாணவர்கள் வீடில்லாமலேயே வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள்! அமெரிக்கப் பள்ளிகளும் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளைகளைச் சேர்த்தே எண்ணுகின்றன. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். சீருடை மூன்று நாளாக அதேதான், புத்தகப்பை வழக்கத்தைவிடப் பெரிதாக உப்பியிருக்கிறது என்பதை எந்தக் கணக்காளரும் பார்க்கமாட்டார். டீச்சர் பார்ப்பார்.

பள்ளியைவிட்டு நின்றவனை? 1997-இல் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் ஒரு வழி சொன்னார். ஒருவனைக் கண்டுபிடி, அவனிடம் மூன்று சீட்டுக் கொடு, அவன் தன்னைப்போன்ற மூன்று பேருக்குக் கொடுக்கட்டும், அவர்கள் ஆளுக்கு மூன்று! யார் யாரை அழைத்தார்கள், யாருக்கு எத்தனை கூட்டாளிகள் என்று குறித்துக்கொண்டால், கூட்டாளி அதிகமுள்ளவர்கள் அளவுக்கு மீறி வந்துவிடுவதைக் கணக்கில் சரிசெய்யலாம். அமெரிக்காவில் இளையோர் எண்ணிக்கைக்கு, அந்த வாழ்க்கையை வாழ்ந்த இளையோரையே வழிகாட்டியாகச் சேர்க்கிறார்கள். சாப்பாடு போட்டு, ‘வந்து எண்ணிக்கையில் சேருங்கள்’ என்று விழாவே நடத்துகிறார்கள்!

12. இருந்தும் இல்லாதவர்கள் நம் பக்கத்திலேயே, தெரியுமா?

1982 மார்ச் 1 முதல் மலேசியாவில் முஸ்லிமல்லாதார் திருமணத்தைப் பதிந்தே ஆகவேண்டும். கோயிலில் தாலி கட்டினால் போதாது! பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமை நிலைதான் வரும். தாய்க்கு அடையாள அட்டை (ஐ.சி.) இல்லையா? அப்பா குடிமகனாக இருந்தாலும் பிள்ளை தவிக்கும். ஐ.சி. இல்லாதவனுக்கு நல்ல வேலை இல்லை, அவன் பேரில் வாடகை வீடு இல்லை. பாய் மட்டுமே பாக்கி!

இவர்களை எண்ணியது யார்? 2011-இல் அரசின் ‘மைடாஃப்தார்’ இயக்கம் கூடாரம் போட்டு, வரச் சொல்லிப் பதிந்தது. 2014 முதல் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா அமைப்பு தீபகற்பத்தில் இன்னொரு வழியில் போனது. அந்தந்த ஊர்க்காரர்களுக்கே சட்டப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. பதிந்தவர்கள் 12,000-ஐத் தாண்டினார்கள்! தெரிந்த அக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் ‘மாமா வீட்டுலதாங்க’ என்று மழுப்ப முடியுமா? எந்த மாமா என்று அக்காவுக்குத்தான் தெரியுமே!

13. பத்து என்ற எண்ணுக்கு இருந்த மந்திரம்!

கடைசியாக, நம் தோட்டங்களின் ஏட்டிலிருந்தே ஒன்று. 1950-களில் துரைமார் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது லயங்கள் காலியாயின. அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியபோது, கோடு போடப்பட்டவர்களே முதலாளிகள் ஆனார்கள். பத்துப் பத்து வெள்ளியாக எண்ணியதில்!

அதற்கும் முன்னே, 1923-இன் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும். ஒன்பது இருந்தால் கட்டாயமில்லை! அந்தப் பத்தாவது பிள்ளையை எண்ணியதில்தான் எத்தனையோ தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு முதல் கீற்றுக் கொட்டகை எழுந்தது. பத்தாவது பிள்ளை விசேஷமாக எதுவும் செய்யவில்லை. கணக்கில் வந்தது, அவ்வளவுதான்.

கேமரன் மலைக்கு அடுத்தமுறை போகும்போது வளைவை எண்ணுங்கள், ஸ்ட்ராபெரியை எண்ணுங்கள். தோட்டத்தில் உறவுக்காரர் வீடு இருந்தால் ராத்திரி தங்கிப் பாருங்கள். பத்து மணிக்கு நாற்காலிகள் ஏறியதும், பாய்களையும் ஒருதரம் எண்ணுங்கள்!